எறிபவன் யார் என்பதா கேள்வி?

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை. விடியற்காலை ஐந்தரை மணி. தேர்வு நெருங்கிய காலம். படித்துக் களைத்தவர்களும் படிக்காமலே களைத்தவர்களும் ஒருங்கே உறங்கிக்கொண்டிருந்தார்கள். விடுதியின் பொது அறையில் மட்டும் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தேன். நம் சங்கத்து நண்பர்கள் நால்வர் ஒரு மடிக்கணினியைச் சூழ்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னப்பா, இந்த நேரத்தில் என்ன ஆட்டம்?" என்றேன்.

"ஆட்டம் இல்லை. ஆட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள்" என்றான் ஒருவன், திரும்பிப் பாராமலே.

அமெரிக்கக் கால்பந்து என்னும் விளையாட்டுக்கு ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்ட் அது. அந்த ஆண்டு டெட்ராய்ட் நகரில் நடந்தது. கல்லூரியில் ஆடித் தேர்ந்த இளைஞர்களை 32 அணிகளும் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும். முந்திய பருவத்தில் மிக மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் உரிமை. தோற்றவனுக்கு நாளை ஒரு நல்ல ஆள் கிடைக்கட்டும் என்பது ஏற்பாடு. 1936 முதல் இப்படித்தான் நடக்கிறது. தன் முறையை ஓர் அணி இன்னொன்றுக்கு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். அங்கேதான் வணிகம் நுழைகிறது. வணிகம் நுழைந்த இடத்தில் வாதமும் நுழைகிறது.

நம் நண்பனுக்கு இதில் என்ன அக்கறை? அவன் அண்ணன் சிகாகோவில் வேலை பார்க்கிறார். அந்த ஊர் அணிக்குப் பேர்ஸ், கரடிகள், என்று பெயர். அண்ணனைப் பிடித்த நோய் தம்பியையும் பிடித்துவிட்டது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, ஒரு பந்தும் எறியப்படாத அந்த மாதங்களில், இருவரும் தொலைபேசியில் சண்டையிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"டேய், அந்தப் பையனுக்கு ஒழுங்கா ஒரு வருஷம் கொடுத்தாங்களா? அதுக்குள்ள விரட்டணுமா?" இது அண்ணன்.

"மூணு வருஷம் ஆச்சேண்ணா! இன்னும் எத்தனை?" இது தம்பி.

கேட்டுக் கேட்டு எனக்கும் ஆர்வம் பிறந்தது. முதலில் சிரித்தேன்; பிறகு படித்தேன்; இப்போது எழுதுகிறேன். சிரிப்பதற்கு மட்டும் உரிய செய்தி இது அன்று என்பது என் கருத்து.

அந்த விளையாட்டைப் பற்றி ஒரு சொல். பெயர்தான் கால்பந்து, காலுக்கு வேலை குறைவு. ஒரு பக்கத்துக்குப் பதினொருவர். அவர்களுள் குவார்ட்டர்பேக் என்பவன் பந்தைக் கையில் வாங்கி, எதிரிகள் பாய்ந்து வருமுன் இரண்டு மூன்று நொடிக்குள் நாலாபுறமும் பார்த்து, ஓடுகிற தோழன் ஒருவனுக்குக் குறிபார்த்து எறிய வேண்டும். அவனைக் காக்க முன்வரிசையில் ஐவர் நிற்பார்கள். அவர்கள் பந்தைத் தொடுவதே அரிது. அவர்கள் பெயர் பாதி ரசிகர்களுக்குத் தெரியாது. அவர்கள் தடுமாறினால் எறிபவன் பந்தோடு மண்ணில் சாய்வான். வெற்றி என்றாலும் தோல்வி என்றாலும் ஊர் அவன் பெயரைத்தான் சொல்லும்.

சிகாகோ அணி 1920இல் பிறந்தது. பழம்பெருமைக்குக் குறைவில்லை. சிட் லக்மன் என்னும் குவார்ட்டர்பேக் இருந்த 1940இல், இறுதி ஆட்டத்தில் வாஷிங்டன் அணியை 73க்கு 0 என்று வென்றார்கள். அந்த லக்மனுக்கு ஈடாக ஒருவன் வருவான் என்று அந்த ஊர் அன்று முதல் காத்திருக்கிறது. இக்காலத்து நல்ல குவார்ட்டர்பேக் ஒரு பருவத்தில் 4,000 கெஜ தூரத்துக்குப் பந்து எறிவான். 2024 வரை 32 அணிகளில் இந்த ஓர் அணியில்தான் எவரும் அந்த எல்லையைத் தொட்டதில்லை.

2017இல் மிட்செல் ட்ரூபிஸ்கி என்னும் இளைஞனை எடுத்தார்கள். மூன்றாவதாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை கையில் இருந்தும், வேறு உரிமைகளை விலையாகக் கொடுத்து இரண்டாம் இடத்துக்கு ஏறி எடுத்தார்கள். அதே டிராஃப்டில் பத்தாவதாகப் போனவர் பாட்ரிக் மஹோம்ஸ்; பின்னர் கான்சஸ் சிட்டி அணிக்கு மூன்று சூப்பர் பௌல் கோப்பைகளை வென்று தந்தவர். 2021இல் மீண்டும் விலை கொடுத்து ஏறி ஜஸ்டின் ஃபீல்ட்ஸை எடுத்தார்கள். 2022இல் அவர் ஓடியே 1,143 கெஜம் கடந்தார். குவார்ட்டர்பேக் ஒருவன் ஓடிக் கடந்த தூரத்தில் அது வரலாற்றில் இரண்டாவது. ஆனால் அதே பருவத்தில் 55 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். மூன்று பருவங்களில் அவர் தொடங்கிய ஆட்டங்களில் வெற்றி 10, தோல்வி 28.

2024 தொடங்கியபோது சிகாகோவிடம் டிராஃப்டின் முதல் உரிமையே இருந்தது. முந்திய ஆண்டு கரோலினா அணியுடன் செய்த மாற்றத்தில் கிடைத்த வரம் அது. கேலப் வில்லியம்ஸ் என்னும் இளைஞர் வரப்போகிறார். 2022இல் கல்லூரி ஆட்டத்தின் தலையாய பரிசான ஹைஸ்மன் கோப்பையை வென்றவர். ஃபீல்ட்ஸை வைத்துக்கொண்டு முதல் உரிமையை விற்பதா? ஃபீல்ட்ஸை அனுப்பிவிட்டு வில்லியம்ஸை எடுப்பதா? இதுதான் குளிர்காலம் முழுவதும் நடந்த வழக்கு. 2023 டிசம்பர் 31 அன்று சொந்த மைதானத்தில் பருவத்தின் கடைசி ஆட்டத்தில், ஃபீல்ட்ஸ்தான் வேண்டும் என்று கூட்டம் கூவியது.

இரு கட்சியையும் எடைபோட்டுப் பார்த்தேன். இரண்டிலும் அறிவு இருந்தது. தம்பி கட்சி சம்பளக் கணக்கைச் சொன்னது. ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடும் மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2011 முதல் புதியவர்களின் சம்பளமும் வரையறுக்கப்பட்டது. ஆகவே இளம் குவார்ட்டர்பேக் முதல் நான்கைந்து ஆண்டுகள் மலிவு. மிச்சப் பணத்தில் மற்ற இடங்களுக்கு நல்ல ஆட்களை வாங்கலாம். ஃபீல்ட்ஸுக்கோ அந்த மலிவுக் காலம் முடியப்போகிறது. அண்ணன் கட்சி நியாயத்தைச் சொன்னது. தடுக்க ஆளில்லாமல், கற்பிக்க நிலையான ஆசான் இல்லாமல் நின்றவனை, எறியத் தெரியாதவன் என்று சொல்வது எப்படி முறையாகும்?

தம்பி கட்சி வென்றது. மார்ச் மாதம் ஃபீல்ட்ஸ் பிட்ஸ்பர்க் அணிக்கு ஓர் ஆறாம் சுற்று உரிமைக்கு ஈடாக அனுப்பப்பட்டார். அன்று விடியற்காலை வில்லியம்ஸின் பெயர் படிக்கப்பட்டபோது நம் பொது அறையில் எழுந்த கூச்சலில் காவலாளியே ஓடிவந்துவிட்டார்.

பிறகு நடந்தது என்ன? 2024 பருவத்தில் 17 ஆட்டம். வெற்றி 5, தோல்வி 12. வில்லியம்ஸ் வீழ்த்தப்பட்டது 68 முறை. ஓர் ஆட்டத்துக்கு நான்கு என்ற கணக்கு. ஆளை மாற்றினார்கள், அவன் விழுவது மாறவில்லை.

இங்கேதான் நான் நின்று யோசித்தேன். ட்ரூபிஸ்கி வந்த முதற் பருவம் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளர் ஜான் ஃபாக்ஸ் நீக்கப்பட்டார். ஃபீல்ட்ஸ் வந்த முதற் பருவம் முடிந்ததும் மாட் நேகி நீக்கப்பட்டார். வில்லியம்ஸ் வந்த முதற் பருவம் முடிவதற்கு முன்பே, நவம்பரில், மாட் எபர்ஃப்ளஸ் நீக்கப்பட்டார். மூன்று இளைஞர்கள், மூவருக்கும் முதலாண்டு ஆசான் இரண்டாம் ஆண்டில் இல்லை. போகப்போகிற ஆசானிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு, பிள்ளை தேறவில்லை என்று மூன்று முறையும் ஊர் வியந்தது! மூன்று மாதம் இரவும் பகலும் வாதிட்டவர்களுள் பெரும்பாலோர் ஆள் யார் என்பதையே கேட்டார்கள். அவனைக் காப்பவர் யார், அவனுக்குச் சொல்லிக்கொடுப்பவர் யார் என்று உரக்கக் கேட்டவர் குறைவு.

திறமை என்று ஒன்று இல்லையா என்று நண்பர்கள் கேட்பார்கள். உண்டு. மஹோம்ஸையும் ட்ரூபிஸ்கியையும் இடம் மாற்றி வைத்தால் இருவரும் சமமாகியிருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மஹோம்ஸின் முதலாண்டைப் பாருங்கள். அலெக்ஸ் ஸ்மித் என்னும் அனுபவசாலியின் பின்னால் அமர்ந்து, ஒரே ஓர் ஆட்டம்தான் தொடங்கி ஆடினார். ஆண்டி ரீட் என்னும் பயிற்சியாளர் அவசரப்படவில்லை. அவரையும் எவரும் அவசரப்படுத்தவில்லை. மறு ஆண்டு 50 டச்டௌன் எறிந்து நாட்டின் தலைசிறந்த வீரர் பட்டம் பெற்றார் மஹோம்ஸ். 2002இல் டேவிட் கார் என்பவரை முதலாவதாக எடுத்த ஹூஸ்டன் அணியோ, காப்பு வரிசை இல்லாமல் அவரை நிறுத்தியது. முதற் பருவத்திலேயே 76 முறை விழுந்தார். எழுந்தார், ஆனால் எதிர்பார்த்த உயரத்துக்கு எழவில்லை. விதை நல்லதா என்று கேட்பது போலவே நிலம் உழப்பட்டதா என்றும் கேட்க வேண்டாமா?

சிகாகோவும் கடைசியில் கேட்டது. 2025 ஜனவரியில் பென் ஜான்சன் என்னும் புதிய பயிற்சியாளர் வந்தார். மார்ச்சில் ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், ட்ரூ டால்மன் என்று முன்வரிசைக்கு மூன்று பேரைக் கொண்டுவந்தார்கள். இந்தச் செய்திக்கு நம் பொது அறையில் யாரும் விடியற்காலையில் விழித்திருக்கவில்லை, காவலாளியும் ஓடிவரவில்லை. ஆனால் அந்தப் பருவத்தில் வில்லியம்ஸ் விழுந்த கணக்கு வெகுவாகக் குறைந்தது. அணி தன் பிரிவில் முதலிடம் பெற்றது. எறிந்த கை அதே கைதான்.

தோழர்களே, நாம் ஏன் இதைப் பேச வேண்டும்?

நமக்கும் ஒரு டிராஃப்ட் உண்டு. தரவரிசை எண் ஒன்றைப் பெற்றுக்கொண்டு, இரண்டு நாள் ரயிலில் பயணம் செய்து, மொழி தெரியாத ஊரில் வந்து இறங்குகிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்துக்கு ஒரு தம்பி வந்தான். தமிழ்வழியில் படித்தவன், கணக்கில் புலி. வரவேற்பு விழாவில் அவனை மேடையேற்றிக் கைதட்டினோம். அதன் பிறகு அவன் அறைக்கு எத்தனை பேர் போனோம்? வகுப்பில் ஆங்கிலம் விளங்கவில்லை, கடையில் இந்தி விளங்கவில்லை, உணவு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் பருவத் தேர்வுக்கு முன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். "தாக்குப்பிடிக்க முடியவில்லை போலும்" என்று நாம் சொன்னோம். நானும் சொன்னேன். எத்தனை முறை விழுந்தான் என்று நம்மில் ஒருவரும் எண்ணவில்லை. தடுத்து நிற்க வேண்டிய ஐவருள் நானும் ஒருவன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இன்று தோன்றுகிறது, அவனிடம் சொல்லத்தான் வழியில்லை.

ஆண்டுதோறும் பிப்ரவரியில் நம் சங்கத்திலும் பெரிய வாதம் நடக்கிறது. அடுத்த செயலாளர் யார்? நன்றாகப் பேசுபவரா? நாலு பேரைத் தெரிந்தவரா? இரண்டு கட்சியாகப் பிரிந்து, தேநீர்க் கடையில் நள்ளிரவு வரை நிற்கிறோம். நாற்காலி போடுபவர் யார், கணக்கு எழுதுபவர் யார், புதிய மாணவர்களை ரயில் நிலையத்தில் எதிர்கொள்பவர் யார் என்ற கேள்வி வந்ததும் கூட்டம் கலைகிறது. பொங்கல் விழா சரியாக நடக்கவில்லை என்றால் செயலாளரை மாற்றுகிறோம். மறு ஆண்டும் பொங்கல் அடிப்பிடிக்கிறது.

ரசிகர்களை நான் பழிக்கவில்லை. ஆட்டமில்லாத மாதங்களிலும் தம் அணிக்காக உறக்கம் இழக்கும் அன்பு எளிதன்று. அவர்களுடைய வாதத்தால் ஓர் ஊரின் நினைவு அழியாமல் இருக்கிறது. தவறு செய்த நிர்வாகிகள் மறந்தாலும் அவர்கள் மறப்பதில்லை. நான் வேண்டுவது இதுதான்: அந்த அன்பு இன்னும் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கட்டும்.

வரும் ஜூலையில் புதியவர்கள் வருவார்கள். அவர்களுள் வல்லவன் யார் என்று நாம் ஆராய்வதற்கு முன், ஒவ்வொருவருக்கும் மூத்த மாணவர் ஒருவரை முதல் இரண்டு பருவங்களுக்குத் துணையாக நியமிப்போம். வாரம் ஒரு முறை அவன் அறைக்குப் போகட்டும். அவன் புத்தகத்தைத் திறந்து பார்க்கட்டும். சாப்பிட்டாயா என்று கேட்கட்டும். இதற்கு நிதி வேண்டாம், தீர்மானம்கூட வேண்டாம். முதற் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் நான்கு பெயர் கிடைத்தால் முன்வரிசை நிறைந்துவிடும்.