கணினி உறுப்புகளைத் தேர்தல்

சித்திர வேலைக்கும் விளையாட்டிற்குமென ஒரே மேசைக் கணினியை உறுப்புறுப்பாக வாங்கி அமைக்க விழையும் மாணவர் இக்காலத்துப் பலராவர். அவருட் பெரும்பாலார் கைப்பொருளின் பெரும்பகுதியைக் கிராபிக்ஸ் கார்டு ஒன்றிற்கே செலவிட்டு, ஏனையவற்றை எஞ்சிய காசிற்கு வாங்குகின்றனர். இது முறையன்று என்பதே நம் கருத்து.

விளையாட்டு விரைவை வேண்டுவது. சித்திர வேலையோ அதனோடு நினைவகத்தையும் மிக வேண்டுவது. பிளெண்டரில் அமைத்த காட்சி கார்டின் நினைவகத்துள் அடங்காதாயின், கார்டு எத்துணை விரைவுடைத்தாயினும் வேலை தளரும். அன்றி இடையே நின்றொழியும். 2021இல் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 12 ஜிபி நினைவகத்தோடு வெளிவந்தது. 2023இல் வந்த 4060 விரைவின் மிக்கதேனும் 8 ஜிபியே உடையது. ஆதலின் புதியதெல்லாம் நம் தொழிற்கு ஏற்றதெனல் பொருந்தாது.

32 ஜிபி ராம் வேண்டுவோர் அதனை 16 ஜிபி இரண்டாகக் கொள்க. தரவு செல்லும் வழி இரட்டிக்கும். பவர் சப்ளையிற் சிக்கனம் வேண்டா. அது பழுதுபடின் பிறவுங் கெடக்கூடும். நிறத்தைப் பிழைபடக் காட்டும் மானிட்டரில் தீட்டிய படமோ அச்சேறுங்கால் வேறாகும்.

பெற்றோர் அரிதிற் சேர்த்த பொருள் இது. நம் மாணவர் விளம்பரத்தை நோக்காது, தாம் செய்யும் வேலையை முதற்கண் எழுதிவைத்து, அதன்பின் உறுப்புகளைத் தேர்வாராக.