பறிக்கப் பறிக்கக் காய்க்கும்



சித்திரை பிறந்து பத்து நாள்கள் கடந்துவிட்டால், எங்கள் வீட்டில் அதிகாலைத் தொழுகைக்குப் பின் யாரும் மீண்டும் படுக்கைக்குச் செல்வதில்லை. அதற்குக் காரணம் பக்தி மட்டுமே என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். வெண்டைக்காயும் ஒரு காரணம். கதிரவன் எழுந்து சுடத் தொடங்குமுன் பறித்துவிட வேண்டும். ஒரு நாள் தவறினால் பிஞ்சு முற்றிவிடும். இரண்டு நாள்கள் தவறினால் அது கறிக்கு உதவாது.

தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூரை அடுத்து ஒரு கிரவுண்டு மனையை என் தகப்பனார் 1986-ஆம் ஆண்டு வாங்கினார். அப்போது எங்கள் வீட்டைச் சுற்றி வயலும் பனையுமாக இருந்தன. இன்று அப்பகுதி மாநகராட்சி ஆகிவிட்டது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானதை நீங்கள் அறிவீர்கள். வயல்கள் வீடுகளாகின, வீடுகள் அடுக்ககங்களாகின. எங்கள் மனையில் கால் கிரவுண்டு மட்டும், அதாவது 600 சதுர அடி மட்டும், இன்னும் மண்ணாகவே இருக்கிறது. அதில்தான் எங்கள் கோடைக்காய்கள் விளைகின்றன.

அந்தக் கால் கிரவுண்டுக்கு இவ்வாண்டு ஒரு சோதனை வந்தது. அதையே இம்மாதம் உங்களிடம் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

கணக்குப் புத்தகம் சொன்னது

என் மகள் கல்லூரியில் சேர வேண்டிய ஆண்டு இது. மதரஸா ஆசிரியரின் ஊதியம் எவ்வளவு என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "அந்த இடத்தில் ஓர் அறையும் சமையற்கட்டும் எழுப்பினால் மாதம் ஆறாயிரம் வாடகை வருமே, ஹஜ்ரத்!" என்று கட்டட மேஸ்திரி ஒருவர் கூறினார். அவர் கூறியதில் தவறு ஏதுமில்லை. எங்கள் தெருவில் பலரும் அவ்வாறே செய்திருக்கின்றனர்.

சென்ற கோடையில் என் மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் விளைச்சலை எழுதி வைத்திருந்தாள். பங்குனிக் கடைசி முதல் ஆனித் தொடக்கம் வரை வெண்டை 14 கிலோ, கத்தரி 17, கொத்தவரை 6, புடலை 9, பீர்க்கு 8, பாகல் 4; ஆக 58 கிலோ. இவை போகச் சுரைக்காய் பதினொன்று, கீரைக்குக் கணக்கில்லை. கடை விலை போட்டுப் பார்த்தோம். நாலாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் வந்தது. அதே மூன்று மாதங்களுக்கு வாடகை பதினெட்டாயிரம். கூட்டல் கழித்தல் அறிந்த எவரும் தோட்டத்தின் பக்கம் தீர்ப்பளிக்க மாட்டார்.

ஆனால் அந்த நோட்டுப் புத்தகத்தில் இன்னொரு பத்தியும் இருந்தது. அதன் தலைப்பில் 'கொடுத்தது' என்று எழுதியிருந்தாள். 58 கிலோவில் 23 கிலோ அந்தப் பத்தியில் இருந்தது. அந்தப் பத்தி எங்கள் வீட்டில் எப்படித் தோன்றியது என்பதற்கு 2020-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

பதுக்கிய காய்கள்

ஊரடங்கின்போது, 2020 மே மாதத் தொடக்கத்தில், கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. மொத்த வியாபாரம் சில நாள்களில் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. நோன்பு மாதம். கத்தரி வெயில் வேறு. தள்ளுவண்டிகள் வருவது நின்றுபோயிற்று. வந்த ஓரிரு வண்டிகளிலும் விலை கேட்கவே அச்சமாக இருந்தது. அவ்வேளையில் எங்கள் தோட்டம் நிறையக் காய்த்திருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? காய்களைப் பறிக்காமல் விட்டேன். 'கொடியில் இருக்கும்வரை வாடாது; தேவைப்படும்போது பறித்துக்கொள்ளலாம்; இன்னும் எத்தனை நாள்கள் ஊரடங்கோ!' என்று எண்ணினேன். வங்கியில் பணம் போட்டு வைப்பதுபோல் கொடியில் காயைப் போட்டு வைத்தேன். வேலிக்கு வெளியே நின்று, "ரெண்டு காய் இருக்குமா, பாய்?" என்று கேட்ட எதிர்வீட்டு அம்மையாரிடம், "இன்னும் முற்றவில்லையம்மா" என்றேன். அன்று நான் சொன்னது முழு உண்மையன்று. இன்றும் அது என் நெஞ்சில் உறுத்துகிறது.

எட்டு நாள்கள் சென்றன. வெண்டைக்காய்கள் விரற்கடை தடிமனுக்கு முற்றிக் கட்டையாயின. பீர்க்கங்காய் உள்ளே நாராயிற்று. புடலை சிவந்து வெடித்தது. அவை மட்டும் வீணாகியிருந்தால்கூடப் பரவாயில்லை. புதுப் பூக்களும் நின்றுபோயின. கொடி இருந்தது, இலை இருந்தது, பிஞ்சு இல்லை.

அப்போது உயிருடன் இருந்த என் உம்மா, இராமநாதபுரம் சீமையில் பிறந்து வளர்ந்தவர், திண்ணையில் அமர்ந்தபடியே சொன்னார்: "செடிக்கு வேணுங்கிறது வித்து, தம்பி. வித்து கிடைச்சிட்டா அது வேலைய முடிச்சிரும். நீ பறிச்சாத்தான் அது திரும்பக் காய்க்கும். பறிச்சு யாருக்காவது குடு."

உம்மா பள்ளிக்கூடத்தில் பயின்றவர் அல்லர். ஆயினும் அவர் சொன்னது தாவரவியல் உண்மை. செடி காய்ப்பது நமக்காக அன்று, தன் சந்ததிக்காக. விதை முற்றத் தொடங்கியதும் தான் சமைக்கும் உணவின் பெரும்பகுதியை அது அந்த விதைக்கே அனுப்புகிறது; புதிதாகப் பூப்பதைக் குறைத்துக்கொள்கிறது. பிஞ்சாகவே பறித்துவிட்டால், விதை இன்னும் கிடைக்கவில்லையே என்று மீண்டும் பூக்கிறது. வெண்டை, வெள்ளரி, பீர்க்கு, கொத்தவரை ஆகியவற்றில் இதைக் கண்கூடாகக் காணலாம்.

அன்றே முற்றியவற்றையெல்லாம் வெட்டி எருக்குழியில் இட்டேன். தேறிய சில காய்களை எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மையார் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அதே பாத்திரத்தில் நான்கு மாங்காய்கள் வந்தன. பத்து நாள்களுக்குள் வெண்டை மீண்டும் பூத்தது. பெருநாள் தால்சாவுக்கு எங்கள் கத்தரியும் அவர்களின் மாங்காயும் சேர்ந்தன.

எப்போது பறிப்பது?

இனி, தோட்டம் உள்ளவர்களுக்குப் பயன்படும் சில செய்திகளைச் சொல்கின்றேன்.

தை, மாசியில் விதைத்தால் கோடையில் பறிக்கலாம். வெண்டை விதைத்த நாற்பது, நாற்பத்தைந்து நாள்களில் பறிப்புக்கு வரும். பூ மலர்ந்த ஐந்தாறு நாள்களில் காயைப் பறித்துவிட வேண்டும். நுனியை ஒடித்தால் 'டக்'கென்று முறிய வேண்டும். வளைந்தால் முற்றிவிட்டது என்று பொருள். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். அதன் சுனை கையை அரிக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை அணிந்து, கத்தரிக்கோலால் காம்புடன் வெட்டுவது நன்று. பிடித்து இழுத்தால் செடியே அசைந்து வேர் நோகும்.

கத்தரிக்காயின் மேல்தோல் பளபளப்பாக இருக்கும்போதே பறித்துவிடுங்கள். மங்கிவிட்டால் உள்ளே விதை பழுத்திருக்கும். கோடை முடிந்ததும் செடியைப் பிடுங்கி எறியாமல் கிளைகளைக் கவாத்து செய்து எருவிட்டால் மீண்டும் துளிர்த்துக் காய்க்கும்.

இந்தக் கத்தரியின் பயணம் வியப்புக்குரியது. நம் நாட்டுப் பகுதியில் தோன்றிய இக்காய் பாரசீகம் வழியாக அரபு மக்களிடம் சென்று 'அல்பாதின்ஜான்' ஆயிற்று. அவர்களுடன் ஸ்பெயினுக்குச் சென்றது. செவில் நகரத்து இப்னுல் அவ்வாம், பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய வேளாண் நூலில் அதைப் பயிரிடும் முறையை விவரித்திருக்கிறார். அந்த அரபுப் பெயரே போர்ச்சுகீசியர் வாயில் திரிந்து, 'பிரிஞ்சால்' என்று நம்மிடமே திரும்பி வந்தது.

பீர்க்கம்பூவும் சுரைப்பூவும் மாலையில் மலர்பவை. மஃரிபு தொழுகைக்குப் புறப்படும் நேரத்தில் மஞ்சள் பீர்க்கம்பூக்கள் கொடியெங்கும் விரிந்திருப்பதைக் காணலாம். ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே இருக்கும். அடியில் சிறு பிஞ்சுடன் இருப்பது பெண்பூ. வண்டுகள் குறைந்துவிட்ட நம் தெருக்களில் பிஞ்சு பழுத்து உதிர்வது பெரும்பாலும் மகரந்தம் சேராததால்தான். ஓர் ஆண்பூவைப் பறித்து இதழ்களை நீக்கிப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவினால் போதும். பாகல் அதிகாலையில் மலரும். அதை அப்போது கவனிக்க வேண்டும். பாகற்பிஞ்சைக் காகிதத்தால் சுற்றிவிட்டால் பழ ஈ தாக்காது. புடலம்பிஞ்சின் நுனியில் சிறு கல்லைக் கட்டினால் சுருளாமல் நேராக வளரும்.

சுரைக்காயில் நகம் எளிதாக இறங்கினால் அது பறிக்கும் பருவம். ஓர் எச்சரிக்கையும் உண்டு. நறுக்கிய சுரைக்காயின் ஒரு துண்டை நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுவதையும் எறிந்துவிடுங்கள். கசக்கும் சுரை நஞ்சாகும். அதன் சாறு உயிருக்கே ஆபத்தை விளைவித்திருக்கிறது. பாகல் கசந்தால் இயல்பு; சுரை கசந்தால் ஆபத்து.

தக்காளியை நிறம் மாறத் தொடங்கியதுமே பறித்து வீட்டுக்குள் பழுக்க வைக்கலாம். வெயிலில் வெடிக்காது, அணிலும் கடிக்காது. அரைக்கீரையை இரண்டு விரற்கடை விட்டு அறுத்தால் மீண்டும் தழைக்கும்.

எல்லாக் காயையும் பறித்துவிட்டால் விதைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நல்ல செடி ஒன்றில் ஒரு காயை மட்டும் விட்டு அதற்குச் சிவப்புத் துணி கட்டிவிடுவது உம்மாவின் வழக்கம். நாட்டு விதைக்கே இது பொருந்தும். வீரிய ஒட்டு ரகத்தின் விதை தாய்ச்செடியைப் போல் காய்க்காது. நாளைக்கென்று ஒன்றை வைப்பது முன்யோசனை. நான் 2020-இல் செய்தது அதுவன்று.

தண்ணீர்

"தண்ணீருக்கு எங்கே போவது?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. 2019 ஜூன் மாதத்தில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ முற்றும் வறண்டதை யாரால் மறக்க முடியும்? எங்கள் கிணறும் அந்த ஆண்டு வற்றியது. லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வாழ்ந்தோம். செடிக்குக் குடிநீரை ஊற்றக் கூடாது என்று என் துணைவியார் கண்டிப்பாகக் கூறிவிட்டார், அது சரியே. அரிசி கழுவிய நீரும், ஒளூச் செய்த நீரும் மட்டுமே செடிகளுக்குக் கிடைத்தன. ஒளூச் செய்யும் இடத்திலிருந்து பாத்திக்குச் சிறு வாய்க்கால் ஒன்றை அப்போதுதான் வெட்டினேன். வெண்டையும் வெள்ளரியும் மடிந்தன. நான்கு கத்தரிச் செடிகளும் கொத்தவரையும் பிழைத்தன.

அன்றுமுதல் காய்ந்த இலைகளையும் தென்னங்கீற்றையும் பாத்தி மேல் மூடாக்காகப் பரப்பி வருகின்றோம். வேரடியில் மண்பானையைப் புதைத்து நீர் நிரப்பிவிடுகின்றோம். பானை கசியக் கசிய வேர் உறிஞ்சிக்கொள்கிறது. மாலையில் ஒருமுறை ஊற்றினால் போதுமானதாக இருக்கிறது. சோப்பு நீரைக் கீரைக்கு விடுவதில்லை.

மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்று தமிழக அரசு 2003-ஆம் ஆண்டு ஆணையிட்டது. மூடப்படாத மண்ணும் ஒரு சேகரிப்புத் தொட்டிதான். ஐப்பசி மழையின் ஒரு பங்கை அந்த 600 சதுர அடி தெருவுக்கு அனுப்பாமல் குடித்துக்கொள்கிறது. 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டைக் கண்ட நாம், ஒவ்வொரு முற்றத்தையும் சிமெண்டால் பூசும்போது ஒரு கணம் சிந்திக்க வேண்டாமா?

நிலம் இல்லாதோர்

"எங்களுக்குக் கால் கிரவுண்டு எங்கே?" என்று அடுக்கக வாசகர்கள் கேட்கலாம். பிரிட்டனில் இதற்கொரு வழி கண்டிருக்கின்றனர். நகரத்தார்க்குக் காய்கறி பயிரிடச் சிறு நிலத்துண்டுகளை உள்ளாட்சிகளே குறைந்த வாடகைக்கு அளிக்க 1908-இல் அங்கே சட்டம் இயற்றப்பட்டது. முழுத்துண்டு ஒன்று சுமார் 250 சதுர மீட்டர்; நம் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குச் சற்று அதிகம். நம்மிடம் அத்தகைய ஏற்பாடு இல்லை; மொட்டை மாடி இருக்கிறது. பைகள், தென்னை நார்க் கழிவுக் கட்டி, விதைகள், உயிர் உரம், வேப்பெண்ணெய் அடங்கிய மாடித் தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கும் திட்டத்தைத் தமிழகத் தோட்டக்கலைத் துறை 2021-இல் அறிமுகப்படுத்தியது. இப்போதைய நிலையை உங்கள் பகுதித் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள். ஆறு பைகளில் ஒரு குடும்பத்தின் தேவை முழுவதும் விளையாது. ஆனால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கைப்பிடி வெண்டைக்காய் விளையும்.

முடிவு என்ன?

மேஸ்திரியின் மதிப்பீட்டுத் தாள் எங்கள் மேசையில் இரு வாரங்கள் கிடந்தது. நான் மகளைக் கேட்டேன். "எனக்காகத்தான் என்றால் வேண்டாம், வாப்பா. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவு குறைவுதானே" என்றாள். சற்றுப் பொறுத்து, "அந்தக் 'கொடுத்தது' பத்தியை வேறு எதில் எழுதுவேன்?" என்றும் கேட்டாள்.

இவ்வாண்டு கட்டுவதில்லை என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். அடுத்த ஆண்டு வறுமை வேறு விதமாகப் பேசக்கூடும். அப்போது என்ன முடிவெடுப்பேன் என்று இப்போதே உறுதிகூற நான் துணியவில்லை. அறை கட்டியவர்களை நான் குறைகூறவும் இல்லை. அவரவர் சுமை அவரவர்க்கே தெரியும்.

உங்கள் வீட்டில் ஒரு கொடி இருந்தால், நாளைக் காலை வெயில் ஏறுமுன் சென்று பாருங்கள். இலைக்கு அடியில் மறைந்திருக்கும் காயைத் தேடிப் பறியுங்கள். அதில் இரண்டை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திராதீர்கள். கேட்டபின் மறுத்தவன் அனுபவத்திலிருந்து சொல்கின்றேன்.

அடுத்த மாதம் சந்திப்போம்.