செருப்பை எங்கே விடுவது, யார் சொல்வது?

களப்பணிக்கு வந்த சமூகப்பணி மாணவர்கள் சிலர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "வீட்டுக்கு வர்றவங்ககிட்ட செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்கன்னு சொல்றது சாதிப் பழக்கமா? நாம அப்படிச் சொல்லலாமா?" பார்க்கச் சின்னக் கேள்விதான். ஆனால் செருப்பைப் பற்றிய எந்தக் கேள்வியும் நம் ஊர்களில் சின்னதாக இருந்ததில்லை.

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கழற்றச் சொல்வதில் தவறு எதுவும் இல்லை. எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்கிறோமா, கழற்றிய பிறகு அவரை எங்கே உட்கார வைக்கிறோம் என்ற இரண்டு இடங்களில்தான் சாதி ஒளிந்திருக்கிறது.

செருப்பை வாசலில் விடுவது ஏதோ அக்கிரகாரத்துப் பழக்கம், நாம் அதைக் கடைப்பிடிக்கத் தேவையில்லை என்று தோழர்கள் சிலர் பேசக் கேட்டிருக்கிறோம். அது சரியல்ல. எந்தக் காலனியிலும் ஒரு தொகுப்பு வீட்டின் வாசலைப் போய்ப் பாருங்கள். பிய்ந்த வார் கட்டிய ரப்பர் செருப்பு, பள்ளிக்கூடப் பிள்ளையின் கறுப்பு ஷூ, தாத்தாவின் டயர் செருப்பு எல்லாம் வெளியில்தான் கிடக்கும். காரணம் எளிது. ஒரே அறைதான் வீடு. அந்தத் தரையில்தான் சாப்பிடுகிறோம், அந்தத் தரையில்தான் பாய் விரித்துப் படுக்கிறோம், பச்சைக் குழந்தை தவழ்வதும் அங்கேதான். சோபாவும் கட்டிலும் சாப்பாட்டு மேசையும் இருக்கிற வீட்டைவிட, எல்லாவற்றுக்கும் தரையை நம்பியிருக்கிற வீட்டுக்குத்தான் அது சுத்தமாக இருப்பது அவசியம்.

மேரி டக்ளஸ் என்ற மானிடவியலாளர் 1966இல் எழுதிய 'தூய்மையும் அபாயமும்' என்ற நூலில் இதே செருப்பைத்தான் உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். செருப்பு தன்னளவில் அசுத்தமானதல்ல, சாப்பாட்டு மேசையில் வைத்தால்தான் அசுத்தமாகிறது என்பது அவர் வாதம். அதாவது, ஒரு பொருள் 'இருக்கக் கூடாத இடத்தில்' இருப்பதைத்தான் அழுக்கு என்கிறோம். சமூகவியல் வகுப்பில் இதைப் படித்தபோது எங்களுக்கு உடனே தோன்றியது வேறு. நம் ஊரில் பொருளுக்கு மட்டும் இடம் வகுக்கவில்லையே, மனிதருக்கும் அல்லவா வகுத்து வைத்திருக்கிறார்கள்! செருப்பு வாசலோடு நிற்க வேண்டும், சேரிக்காரரும் வாசலோடு நிற்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே வாசலில் சந்திப்பதால்தான் மாணவர்களுக்கு அந்தக் கேள்வி வந்தது.

பழக்கம் வேறு, சாதி வேறு என்பதற்கு ஜப்பானைப் பாருங்கள். அங்கே வீட்டு வாசலுக்குள் நுழைந்ததும் காலணி விடுவதற்கென்றே 'கென்கான்' என்று சற்றுத் தாழ்ந்த ஓர் இடம் இருக்கும். யார் வந்தாலும் அங்கே கழற்றித்தான் ஆக வேண்டும். விருந்தாளிக்கு வீட்டுக்குள் போட வேறு செருப்பு கொடுப்பார்கள். அதே ஜப்பானில்தான் தோல் வேலையும் விலங்குகளை அறுக்கும் வேலையும் செய்த மக்களைத் தீட்டு என்று ஒதுக்கி வைத்தார்கள். புராக்குமின் என்று இன்று அவர்களைக் குறிப்பிடுகிறார்கள். 1871இல் அரசு ஆணை போட்டு அந்தப் பிரிவை ஒழித்துவிட்டதாக அறிவித்த பிறகும் கல்யாணத்திலும் வேலையிலும் ஒதுக்கல் தொடர்ந்தது. வாசலில் எல்லோரும் ஒன்றாகச் செருப்பைக் கழற்றியதால் சாதி போய்விடவில்லை. செருப்பைக் கழற்றியதால் அது வந்ததும் இல்லை.

நம் ஊரில் செருப்பின் கதை வீட்டு வாசலில் தொடங்கவில்லை, தெருவில் தொடங்குகிறது. ஊர்த் தெரு தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையிலோ கக்கத்திலோ வைத்துக்கொண்டு, தெரு முடிந்ததும் மாட்டிக்கொள்வது. நம் தாத்தா பாட்டிகளில் எத்தனையோ பேர் அப்படி நடந்தவர்கள். தோலைப் பதப்படுத்தி, ஊர் முழுக்கச் செருப்பு தைத்துக் கொடுத்த அருந்ததியர் தாங்கள் தைத்ததைத் தாங்களே போட்டுக்கொண்டு அந்தத் தெருவில் நடக்க முடியாது. இதைவிடப் பச்சையாகச் சாதியை யாரும் விளக்க வேண்டியதில்லை. பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டாரத்தில் ராஜாவூர் என்ற கிராமத்தில் அருந்ததியர் மக்கள் சுமார் 60 பேர் கூட்டாகச் சேர்ந்து, அதுவரை செருப்புப் போட்டு நடக்க முடியாமல் இருந்த ஒரு தெருவில் செருப்பணிந்து நடந்தார்கள். செருப்போடு நடந்து போவதே ஒரு போராட்டமாக, பத்திரிகைச் செய்தியாக இருக்கிற நாட்டில் வாழ்கிறோம்.

சட்டம் இதை அறியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பொது இடத்தில் காலணி அணிவதையோ புத்தாடை உடுத்துவதையோ சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையோ தடுப்பது அதன்படி குற்றம். செருப்பு மாலை போடுவதும் தனியாகக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. களத்துக்குப் போகும் தோழர்கள் இந்தப் பிரிவைப் படித்து வைத்திருப்பது நல்லது. ஆனால் 'பொது இடம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தெருவரைக்கும்தான் அது வருகிறது. இழிவுபடுத்தும் பேச்சு பற்றிய பிரிவுகளும் 'பொதுப் பார்வையில்' நடந்ததா என்றுதான் கேட்கின்றன. வீட்டின் நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது நடந்தது அதற்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. ஒருவர் தன் வீட்டு வாசலில் யாரை எப்படி நடத்துகிறார் என்பதில் சட்டத்தின் கை பெரும்பாலும் நீளாது. அந்த இடத்தை முழுக்க 'பழக்க வழக்கம்' என்ற பெயரில் விட்டுவைத்திருக்கிறோம். அதனால்தான் வாசல் மரியாதையைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

இப்போது அந்த வாசலுக்கு வருவோம். கணக்கெடுப்புக்காக வீடுவீடாகப் போகும்போது நாங்கள் கவனிப்பது கழற்றச் சொல்லும் சொல்லை அல்ல, கழற்ற வேண்டாம் என்னும் சொல்லை. வி.ஏ.ஓ. வருகிறார், வாசலில் குனிகிறார். "பரவால்லங்க, செருப்போடயே வாங்க" என்று உள்ளிருந்து குரல் வருகிறது. வங்கி மேலாளருக்கும் அதே பரவாயில்லை. காவல் ஆய்வாளரின் பூட்ஸுக்கு அந்தச் சொல்கூடத் தேவையில்லை. சுத்தம்தான் காரணம் என்றால், இவர்கள் காலில் ஒட்டியிருப்பது மட்டும் என்ன சந்தனமா? பின்னாலேயே நம் பிள்ளை போகிறது, கையில் கணக்கெடுப்புத் தாள், கழுத்தில் அடையாள அட்டை. "எந்த ஊரு? யார் வீட்டுப் பிள்ளை?" என்று ஒரு கேள்வி. பதில் கிடைத்ததும் செருப்பைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. ஏனென்றால் உள்ளே கூப்பிடப் போவதில்லை. திண்ணை வரைக்கும்தான். அங்கே பிளாஸ்டிக் நாற்காலி வந்தால் ஒரு கணக்கு, வராவிட்டால் இன்னொரு கணக்கு. தண்ணீர் எந்த டம்ளரில் வருகிறது என்பது மூன்றாவது கணக்கு. தோழர்களே, ஒரு வீட்டில் சாதி இருக்கிறதா என்று அறிய வாசல் பலகையைப் படிக்காதீர்கள். அங்கே யாருக்கு விதிவிலக்கு கிடைக்கிறது என்று பாருங்கள்.

விதிவிலக்குதான் அதிகாரம் என்பதை வெள்ளைக்காரர் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். 1854இல் கல்கத்தாவில் இருந்த அரசு ஓர் அனுமதி கொடுத்தது. ஐரோப்பிய பாணி பூட்ஸும் காலுறையும் போட்டிருக்கும் இந்தியர்கள் அரசு நிகழ்ச்சிகளுக்கு அவற்றோடு வரலாம். நாட்டுச் செருப்பென்றால் கழற்றத்தான் வேண்டும். பர்மாவில் கதை தலைகீழ். மிண்டோன் மன்னரின் அவையில் பிரிட்டிஷ் பிரதிநிதி இனிக் காலணியைக் கழற்றக் கூடாது என்று 1870களின் நடுவில் முடிவெடுத்தார்கள். மன்னர் விட்டுக்கொடுக்கவில்லை, நேர்ச் சந்திப்பே நின்றுபோனது. வெள்ளைக்காரன் முன்னால் செருப்பைக் கழற்றுவது மானக்கேடு என்று நம் படித்த மேல்சாதிக்காரர்களும் அந்தக் காலத்தில் கொதித்தார்கள். அதே ஆண்டுகளில் அவரவர் தெருவில் யார் யார் செருப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்கள் என்பது அவர்கள் கண்ணில் படவில்லை.

மாணவர்கள் கேட்ட கேள்வியின் அடுத்த பாதிதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. நம் வீட்டுக்கு வருகிறவரிடம் நாம் சொல்லலாமா?

காலனிக்கு வருகிற அதிகாரிகளைப் பாருங்கள். பட்டா விசாரணைக்கு ஆர்.ஐ. வருவார், கழிப்பறைத் திட்டத்தைப் பார்க்க ஒன்றியத்திலிருந்து வருவார்கள், தேர்தல் நேரத்தில் கும்பலாக வருவார்கள், தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வெளிநாட்டு நன்கொடையாளரை அழைத்து வருவார்கள். காலையில்தான் அந்த அம்மா தரையைத் துடைத்திருப்பார் அல்லது சாணம் போட்டு மெழுகியிருப்பார். அதன் மேல் ஷூ போட்ட கால்கள் நேராக அடுப்படி வரை போகும். அதே அதிகாரி அடுத்த தெருவில் ஊர்ப் பெரிய வீட்டுக்குள் போகும்போது தானாகக் குனிந்து கழற்றுவார். நம் வீட்டை அவர் வீடாகப் பார்க்கவில்லை, ஆய்வு செய்யும் இடமாகப் பார்க்கிறார். சாலையிலிருந்து இறங்கி இன்னொரு சாலைக்குள் போவது போலப் போகிறார்.

வீட்டுக்காரர்கள் ஏன் சொல்வதில்லை என்பதும் புரியாததல்ல. கையெழுத்து அவரிடம் இருக்கிறது. 'இவங்க வீட்டுக்குப் போறதே பெரிசு, இதுல செருப்ப வேற கழட்டணுமாம்' என்ற பேச்சு வரும். வெறுங்காலோடு அவரை நடத்தினால் தரை சரியில்லை என்று முகம் சுளிப்பாரோ என்ற கூச்சம் வேறு. ஒரு காலனியில் கல்லூரி போகும் பெண் ஒருவர், வீட்டு அளவெடுக்க வந்தவரிடம், "சார், செருப்பை இங்க விட்டுட்டு வாங்க, உள்ள பாப்பா தரையில படுத்திருக்கு" என்று சாதாரணமாகச் சொன்னதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர் ஒரு நொடி நின்றார், கழற்றினார், உள்ளே போனார், அளந்தார், வந்தார். வெளியே நின்ற பாட்டிதான் பதறிப்போய் "அய்யய்யோ, சார் அப்படியே வாங்க" என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். அந்தப் பாட்டியின் பதற்றத்துக்குள் ஊர்த் தெரு முழுவதும் இருக்கிறது. பேத்தியின் குரலில் அது இல்லை. இந்த வித்தியாசத்துக்கு இரண்டு தலைமுறை உழைப்பு போயிருக்கிறது.

ஆகவே சொல்லலாம், சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். விரலை நீட்டி "செருப்பு, செருப்பு" என்று கத்துவது யார் வீட்டிலும் அழகில்லை. "வாங்க" என்ற சொல் முதலில் வரட்டும், செருப்பு அதற்குப் பிறகு வரட்டும். செருப்பு விடக் காய்ந்த, நாய் தூக்கிக்கொண்டு போகாத ஓர் இடத்தைக் காட்டுங்கள். உட்காரப் பாயோ நாற்காலியோ உள்ளே தயாராக இருக்கட்டும். மழைக்காலமென்றால் கால் கழுவ ஒரு செம்பு தண்ணீர். வந்தவர் சர்க்கரை நோயாளியாக இருக்கலாம். கால் மரத்துப்போனவர்களுக்கும் தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பை வீட்டுக்குள்ளும் போடச் சொல்லித்தான் மருத்துவர்கள் அனுப்புவார்கள். செயற்கைக் கால், காலிப்பர் போட்டவர்கள் இருக்கிறார்கள், குனிய முடியாத முதியவர்கள் இருக்கிறார்கள். இவர்களிடம் 'அப்படியே வாங்க' என்று சொல்வதுதான் நியாயமான பரவாயில்லை. பதவிக்காகக் கொடுக்கும் பரவாயில்லையை நிறுத்திவிட்டு உடம்புக்காகக் கொடுங்கள்.

வேலைக்கு வருகிறவர்கள் விஷயம் தனி. நகரத்து அடுக்ககங்களில் மின்சார வேலைக்கு வருகிறவரையும் வெறுங்காலில் நிற்கச் சொல்கிறார்கள். அவர் காலில் இருப்பது அலங்காரமல்ல, ரப்பர் அடி அவர் உயிர். ஈரத் தரையில் வெறுங்காலோடு சுவிட்ச் பெட்டியைத் தொடச் சொல்வது மரியாதையில் சேராது, ஆபத்து. கழிவுக் குழாய் அடைப்பெடுக்க வருகிறவரிடம் அதைச் சொல்வது அதைவிட மோசம். தரை அழுக்காகும் என்றால் ஒரு பழைய துணியை விரித்துப் போட்டால் முடிந்தது. வீட்டு வேலை செய்யும் அக்காவின் செருப்பு மட்டும் மற்றவர்கள் செருப்போடு சேராமல் படிக்கட்டுக்குக் கீழே கிடந்தால், அதைக் கவனித்துக் கேளுங்கள். அடுக்ககத்தில் உங்கள் நண்பர்கள் யாராவது குடியிருப்பார்கள், அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.

களப்பணியில் இருக்கும் மாணவர்களுக்கு நாங்கள் சொன்னது இதுதான். எந்த வீட்டுக்குப் போனாலும், யாரும் சொல்லாமலே, வாசலில் செருப்பை விட்டுவிட்டுக் காத்திருங்கள். ஊரிலும் அப்படி, காலனியிலும் அப்படி. காலனி வீட்டில் "பரவால்ல சார்" என்பார்கள், பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊர் வீட்டில் கழற்றிய பிறகும் உள்ளே கூப்பிடவில்லையென்றால், எத்தனை நிமிடம் எங்கே நின்றீர்கள், உங்களோடு வந்த மற்றவருக்கு எங்கே இடம் கிடைத்தது என்பதை அன்றிரவே களக்குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.