கட்டிலருகே ஒரு புட்டி

ஒரு நோய்க்கு வைத்தியம் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனவர் இன்னொரு நோயையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது ஜனங்கள் அறிந்த சங்கதி. ஒரு நோயாளியின் உடம்பிலுள்ள கிருமியை அடுத்தவருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரும்பாலும் சிகிச்சை செய்யும் கைகளே.

இதற்கு நிர்வாகத்தார் கண்ட மருந்து என்ன? "நர்சுகளுக்குப் பொறுப்பில்லை" என்று ஒரு பேச்சு. பிறகு ஒரு சுற்றறிக்கை. அதற்கும் மேலே ஒரு மெமோ. நாம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம்: குழாய் எங்கே இருக்கிறது?

கணக்குப் பார்ப்போம். சோப்புப் போட்டு முறையாகக் கை கழுவ 40 முதல் 60 வினாடி ஆகும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். வார்டின் கோடியிலுள்ள குழாய்க்குப் போய்வரும் நேரம் தனி. 1997ல் ஐரோப்பிய டாக்டர்கள் இருவர் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 12 ஊழியர் வேலை செய்யும் தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லோரும் ஒரு தடவைகூடத் தவறாமல் குழாயில் கை கழுவினால், ஒரு பகல் ஷிப்டில் 16 மணி நேர உழைப்பு அதிலேயே போய்விடும். கட்டிலருகே சானிடைசர் இருந்தால் 3 மணி நேரம் போதும். ஆள் பற்றாத வார்டில் அந்த 16 மணி நேரத்தை நர்ஸ் எங்கேயிருந்து கொண்டுவருவாள்?

ஜெனீவா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் டாக்டர் டிடியே பிட்டேயின் குழுவினர் இதைச் செய்து காட்டினார்கள். கட்டில்தோறும் சானிடைசர் புட்டி வைத்தார்கள். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சிறு புட்டியும் கொடுத்தார்கள். சுவரொட்டிகளும் ஒட்டினார்கள், அவ்வப்போது கணக்கெடுத்து ஊழியர்களுக்கே தெரிவித்தார்கள். கை சுத்தம் செய்யவேண்டிய தருணங்களில் 1994ல் நூற்றுக்கு 48 தடவைதான் செய்யப்பட்டது. 1997ல் அது 66 ஆயிற்று. ஆஸ்பத்திரியில் தொற்றிய நோயோ 1994ல் நூற்றுக்கு 16.9 ஆக இருந்தது, 1998ல் 9.9 ஆகக் குறைந்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நர்சுகளும் உதவியாளர்களும் நன்றாக முன்னேறினார்கள்; டாக்டர்கள் பழையபடியே இருந்தார்கள்! மெமோ எழுதுகிறவர்கள் இதைப் படிக்கட்டும்.

டாக்டர்களின் இந்தப் பிடிவாதம் இன்று நேற்று வந்ததல்ல. 1847ல் வியன்னா பிரசவ ஆஸ்பத்திரியில், பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்த டாக்டர்களை, குளோரின் கரைத்த நீரில் கை கழுவச் சொன்னார் செம்மல்வைஸ். ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார் மாண்ட வார்டில், ஜூனில் சாவு நூற்றுக்கு சுமார் 2 ஆகக் குறைந்தது. அப்படியிருந்தும் பெரிய டாக்டர்கள் பலர் அவரை ஏற்கவில்லை.

"செலவு அதிகம்" என்பார்கள். அதுவும் நிற்காது. ஸ்பிரிட், கிளிசரின், ஹைட்ரஜன் பெராக்சைடு, சுத்த நீர் — இவ்வளவுதான் சரக்கு. அளவுகளையும் செய்முறையையும் உலக சுகாதார ஸ்தாபனம் பகிரங்கமாக வெளியிட்டிருக்கிறது. ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே கலந்துகொள்ளலாம். எந்தக் கம்பெனிக்கும் கப்பம் கட்ட வேண்டியதில்லை.

சானிடைசர் வந்துவிட்டதென்று குழாயை மூடிவிடவும் கூடாது. கையில் ரத்தமோ அழுக்கோ பட்டால் சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். சிலவகைப் பேதிக் கிருமிகளின் வித்துக்கள் ஸ்பிரிட்டுக்குச் சாவதில்லை.

2020ல் கொரோனா வந்தபோது கடை வாசலிலெல்லாம் புட்டி நின்றது. ஆஸ்பத்திரியிலும் வாசலில் வைத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று இருந்துவிடக் கூடாது. நர்சின் கை நோயாளியைத் தொடுவது கட்டிலருகே. புட்டியும் அங்கேதான் இருக்க வேண்டும், கை நீட்டினால் எட்டும் தூரத்தில். காலியானால் அன்றைக்கே நிரப்ப ஒருவருக்குப் பொறுப்புக் கொடுக்க வேண்டும். வார்டைக் கூட்டுகிறவருக்கும், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவருக்கும், ஒப்பந்த ஊழியருக்கும் அது கிடைக்க வேண்டும். எங்கே வைப்பது என்பதை வார்டில் வேலை செய்கிறவர்களையே கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

முதலில் புட்டியை வையுங்கள். அதன் பிறகு மெமோவைப் பற்றிப் பேசலாம்.