தலை தப்பியது... பிழைப்பு போச்சே!

"தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்" என்பார்கள். விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருந்து உயிரோடு திரும்பியவரைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். ஆனால் அடிபட்டதே தலையில் என்றால்?

மளிகைக் கடை கணக்குப்பிள்ளை ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மொபெட்டில் போனவரைத் தண்ணீர் லாரி இடித்துவிட்டது. ஒரு மாதம் படுக்கை. தையல் பிரித்தாகிவிட்டது. கை, கால் நன்றாக இருக்கிறது. சாப்பிடுகிறார், தூங்குகிறார். ஆனால் காலையில் எழுதிய பற்று மாலையில் நினைவில் இல்லை. பால்காரருக்கு இரண்டு தடவை பணம் கொடுக்கிறார். கேட்டால் கோபம்! பேரேட்டைத் தூக்கி எறிகிறார். முதலாளி எத்தனை நாள் பொறுப்பார்?

தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. நல்ல திட்டம், மறுப்பதற்கில்லை. 49-வது மணியில் இருந்துதான் வீட்டுக்காரம்மாவின் அலைச்சல் ஆரம்பம்!

எத்தனை சதவீதம்?

உதவித் தொகை கேட்டால் முதலில் மாற்றுத் திறனாளி அட்டை எங்கே என்பார்கள். அட்டைக்கு டாக்டர் சான்றிதழ் வேண்டும். சலுகைகள் கிடைக்க அதில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். 2016-ம் ஆண்டு சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அதில் 'தலைக்காயம்' என்று தனி வகை இல்லை! பேச்சு போயிருந்தால் பேச்சுக் குறை. கை கால் இழுத்திருந்தால் இயக்கக் குறை. ஞாபகம் போனால்? மனநோய் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில்தான் ஞாபகக் கோளாறும் வருகிறது. அந்தப் பெயரைக் கேட்டதுமே, "எங்க வீட்டுக்காரருக்குப் பைத்தியமா?" என்று பாதிப் பேர் எழுந்து வந்துவிடுவார்கள்.

மாதப் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரியில் 1,500-ல் இருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. கடும் பாதிப்பு என்ற பிரிவில் வாங்க 75 சதவீதம் வேண்டும். தானாக நடந்து வந்து நாற்காலியில் உட்காரும் கணக்குப்பிள்ளைக்கு 75 யார் போடுவார்? "ஆள் நல்லாத்தானே இருக்காரு!" அவ்வளவுதான்.

விபத்து நஷ்ட ஈட்டு வழக்கு ஒன்றில் 2010-ம் ஆண்டே சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது. டாக்டர் போடும் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு போயிற்று என்பது வேறு! இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போகும், குமாஸ்தா வேலையைத் தொடரலாம் என்று உதாரணமும் காட்டியது. அப்படியானால் கை இரண்டும் இருந்து ஞாபகம் மட்டும் போன குமாஸ்தாவுக்கு? இந்தக் கணக்கு கோர்ட்டில் உண்டு. அட்டை கொடுக்கும் மேஜைக்கு அது வந்து சேரவில்லை.

வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்றால் இன்னொரு வழியும் உண்டு. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவருக்கு, வேலைக்கும் விபத்துக்கும் தொடர்பு இருந்தால், அதுவும் வேலை விபத்துதான். 2010-ல் வந்த திருத்தம் இது. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் எத்தனை பேருக்குத் தெரியும்?

நோட்டு பேசட்டும்

ஞாபகத்தையும் கவனத்தையும் அளக்கத் தனிப் பரிசோதனைகள் இருக்கின்றன. ஸ்கேன் படம் மட்டும் போதாது. நோயாளியைக் கேட்டால், "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்பார். தன் குறை தனக்கே தெரியாமல் போவதும் இந்தக் காயத்தின் வேலைதான்.

கூட வந்த மனைவியைக் கேட்க வேண்டும். அவரும் வெறுங்கையோடு போகக் கூடாது. என்றைக்கு அடுப்பை அணைக்க மறந்தார், என்றைக்குச் சொந்தத் தெருவில் வழி தெரியாமல் நின்றார் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போகட்டும். சான்றிதழில் சதவீதம் போடும் முன் அந்த நோட்டை டாக்டர்கள் ஐந்து நிமிடம் புரட்டிப் பார்த்தால் என்ன?