மக்கட்பேறும் பொதுப்பணமும்

ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் வீதிகளில் மாங்கனி இறைக்கப்படும்போது, மக்கட்பேறு வேண்டி முந்தானை ஏந்தி நிற்கும் பெண்களை ஆண்டுதோறும் காண்கிறோம். வேண்டுதல் அவரவர் நம்பிக்கை. ஆனால் சிகிச்சைக்காகத் தறியையும் தாலியையும் அடகு வைக்கும் நிலை எவருக்கும் வரலாகாது.

1952-இல் குடும்பக் கட்டுப்பாட்டை நாட்டின் திட்டமாக ஏற்ற அரசு, கருத்தடைச் சிகிச்சையை இன்றும் இலவசமாகவே அளிக்கிறது. பேறற்றோருக்கு உதவுவது அக்கடமையின் மறுபாதியன்றோ? டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் கல்கத்தாவில் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது 1978-இல். ஆயினும் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் இச்சிகிச்சைக்கு இடமில்லை. கோவா அரசோ 2023-இல் தன் மருத்துவக் கல்லூரியில் இதனை இலவசமாக்கியது.

அடிப்படை வைத்தியத்திற்கே பணம் போதாதென்பர் சிலர். நியாயமே. ஆகையால் முதலில் காரைக்கால் அரசு மருத்துவமனையில் கணவன், மனைவி இருவரையும் பரிசோதிக்கட்டும். குறை ஆணிடமும் இருக்கலாம். பழியை மட்டும் பெண்ணே சுமக்கிறாள். சில குறைகள் மருந்தாலேயே தீரும். எஞ்சியோர்க்கு, வருமான வரம்பிட்டு, புதுவை அரசு செலவை ஏற்கட்டும்.

காவிரி நீர் கடைமடைக்குக் கடைசியில் வருவதை நாமறிவோம். கேளாதிருந்தால் இதுவும் அவ்வாறே. அடுத்த பொதுச்சபையில் அங்கத்தினர்கள் இதற்கெனத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறோம்.