மண்ணுக்குள் மறைந்திருக்கும் காவல்



மாலைச் செபத்திற்குக் குடும்பம் கூடும் வேளையில் விளக்கு எரிகின்றது, மின்விசிறி சுழல்கின்றது, சமையலறையில் கிரைண்டர் ஓடி நிற்கின்றது. இவற்றுக்கு மின்சாரம் வரும் வழியை நாம் அறிவோம். வழி தவறிய மின்சாரம் வெளியேறும் பாதையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? வீட்டின் புறத்தே மண்ணில் புதைந்த ஒரு குழாயும், அதனோடு இணைந்த ஒரு கம்பியுமே அந்தப் பாதை. ‘எர்த்’ என்று எல்லாரும் வழங்கும் அவ்விணைப்பைத் துரு தின்னாமல் காப்பது எங்ஙனம் என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

மூன்று முனைப் பிளக்கில் தடித்தும் நீண்டும் இருப்பது எர்த் முனை. மற்ற இரண்டும் சேருமுன் அது சேரவேண்டும், அவை பிரிந்த பின்னரே அது பிரியவேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். கிரைண்டரின் உள்ளே கம்பியுறை கிழிந்து, அதன் உலோக உடலில் 230 வோல்ட் மின்சாரம் ஏறிவிட்டதாகக் கொள்வோம். எர்த் குழியின் தடை 5 ஓம் எனில், பிற தடைகளை விட்டுக் கணக்கிட்டால், 46 ஆம்பியர் மின்சாரம் மண்ணுக்குப் பாய்ந்து பியூசை உருக்கிவிடும், ஆபத்து நீங்கும். துருவினால் அதே தடை 100 ஓமாக உயர்ந்துவிட்டால், பாய்வது 2.3 ஆம்பியர் மட்டுமே. பியூஸ் அதனை உணராது. கிரைண்டர் வழக்கம்போல் ஓடும். அதன் உடலோ, ஈரக்கையோடு தொடவரும் தாய்க்காகக் காத்திருக்கும்.

எங்கள் பாலக்கோடு வட்டாரத்தில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். இங்கே மேல்மண் பல இடங்களில் ஆழமற்றது. கிணறு வெட்டுவோர் விரைவிலேயே பாறையைத் தொட்டுவிடுகின்றனர். கோடையில் அம்மண்ணும் வறண்டுவிடுகின்றது. வறண்ட மண்ணும் பாறையும் மின்சாரத்தை எளிதில் ஏற்பதில்லை. இத்தகைய நிலத்திற்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 3043 என்னும் நெறிமுறை வழி கூறுகின்றது. இரும்புக் குழாயின் நீளம் 2.5 மீட்டருக்குக் குறையலாகாது. அந்த ஆழத்திற்குமுன் கடும்பாறை குறுக்கிட்டால், குழாயை வெட்டிக் குறைக்காமல், செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மிகாமல் சாய்த்துப் புதைக்கலாம். கட்டடத்திலிருந்து ஏறத்தாழ 1.5 மீட்டர் தள்ளியே குழி அமையவேண்டும்.

ஆனால் நம்மிடையே காணும் பழக்கம் யாது? மண் காய்ந்துவிட்டது என்று குழியில் உப்பை மேன்மேலும் கொட்டுகின்றோம். குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் அடுக்குவது பழைய முறைதான். உப்பு ஈரத்தோடு சேர்ந்து அந்த நேரத்திற்குத் தடையைக் குறைக்கின்றது என்பதும் மெய். ஆயினும், அதே உப்புநீர் குழாயின் துத்தநாகப் பூச்சைக் கரைத்து, அடியிலுள்ள இரும்பையும் அரிக்கின்றது. காவலனுக்கு உணவென்று எண்ணி நாம் இடுவது, நாளடைவில் அவனையே உண்டுவிடுகின்றது.

மற்றொரு காரணம், வெவ்வேறு உலோகங்களின் சேர்க்கை. இரும்புக் குழாயில் செம்புக் கம்பியை நேராகச் சுற்றி முறுக்கிவிடுவது பலரின் வழக்கம். ஈர மண்ணில் இவ்விரண்டும் சேர்ந்தால் ஒரு சிறு மின்கலம் உருவாகின்றது. அதில் துத்தநாகமும் இரும்பும் கரைய, செம்பு பிழைத்துக்கொள்கின்றது. ஆங்கிலேய விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி 1824ஆம் ஆண்டில் இவ்விதியையே நன்மைக்குப் பயன்படுத்தினார். கப்பல்களின் அடிப்புறச் செம்புத் தகடுகளில் துத்தநாகம், வார்ப்பிரும்பு ஆகியவற்றின் சிறு துண்டுகளை இணைத்தார். அத்துண்டுகள் கரைந்து, செம்பைக் கடல்நீரின் அரிப்பினின்று காத்தன. அங்கே காக்கவேண்டிய செம்பு காக்கப்பட்டது. நம் குழியிலோ, காக்கவேண்டிய குழாய் கரைந்து, கம்பி மட்டும் எஞ்சுகின்றது. வெளியே பார்ப்பவருக்குக் கம்பி இருக்கும். உள்ளே இணைப்பு இராது.

ஆதலால் செய்யவேண்டியவை இவை. முதலாவதாக, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்க்கு அதே வகைக் கம்பியையோ பட்டையையோ பயன்படுத்துங்கள். செம்பைச் சேர்த்தே தீரவேண்டுமெனில், ஈயம் பூசிய முனையோ, இரு உலோகங்களுக்கென்றே செய்த பிடிப்போ கொண்டு, மண்ணுக்கு மேலே, கண்ணால் காணக்கூடிய இடத்தில் இணைத்துக் கிரீசு பூசச் சொல்லுங்கள். இரண்டாவதாக, மண்ணும் காற்றும் சந்திக்கும் இடத்திலேயே துரு விரைந்து பற்றும். அங்கே கம்பிக்குத் தார் பூசுவதோ தார் நாடா சுற்றுவதோ நலம். மூன்றாவதாக, உப்புக்கு மாற்றாக, ஈரத்தைப் பிடித்து வைக்கும் பெண்டோனைட் களிமண்ணை இடலாம். கோடையில் குழிக்குத் தவறாமல் நீர் ஊற்றவேண்டும். மாட்டுத் தொழுவத்தின் கழிவும் உரமும் சேரும் இடத்தில் குழி வேண்டா. நான்காவதாக, ஆண்டுக்கொருமுறை, மண் வறண்டிருக்கும் கோடையிலேயே, தகுதி பெற்ற எலக்ட்ரீசியனைக் கொண்டு தடையை அளந்து எழுதி வையுங்கள். சென்ற ஆண்டைவிட எண் வெகுவாக உயர்ந்திருந்தால், உள்ளே அரிப்பு நடப்பதாகக் கருதித் தோண்டிப் பார்க்கவேண்டும். இத்துடன் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் இருப்பது பாதுகாப்பு. எனினும் அது எர்த்துக்குத் துணையே அன்றி மாற்று அன்று. தோட்டத்து மோட்டாருக்கும், ஆலயக் கோபுரத்தின் இடிதாங்கிக்கும் இக்கவனம் அவ்வாறே பொருந்தும்.

மண்ணுலகில் சேர்க்கும் செல்வத்தைத் துரு அழிக்கும் என்று ஆண்டவர் மலைப்பொழிவில் எச்சரித்தார். அதைக் கேட்டு, பொருள்களைக் கவனியாது விடலாம் என்று கொள்வது தவறு. அவர் பற்றறுக்கச் சொன்னது செல்வத்தின்மீதே அன்றி, நம் பொறுப்பில் விடப்பட்ட உயிர்களின்மீது அன்று. பிள்ளைகளின் நலனுக்காகச் செபமாலை சொல்லும் தந்தை, அவர்கள் தொடும் இயந்திரத்தின் எர்த்தைச் சோதிப்பதும் அச்செபத்தின் தொடர்ச்சியே.

குடும்ப உறவிலும் இத்தகைய துரு உண்டு. கணவன் மனைவியரிடையே பேச்சு நின்று நாளாகியும், வெளியே எல்லாம் வழக்கம்போல் ஓடும். இடி விழும் நாளிலேயே இணைப்பு இல்லை என்பது புலப்படும். மண்ணில் மறைந்ததையும் மனத்தில் மறைந்ததையும் காலத்தே தோண்டிப் பார்ப்பவர் பேறுபெற்றோர். கோடை முடியுமுன் உங்கள் வீட்டு எர்த் குழியின் மூடியை ஒருமுறை திறந்து பாருங்கள். திருக்குடும்பத்தின் காவலரான புனித சூசையப்பர் உங்கள் இல்லங்களைக் காப்பாராக!